கம்பிச் சக்கரத்தை பிரிண்ட் எடுத்தால் மொத்த மாடலும் கைவேலை இல்லையா?

சக்கரக்கிறுக்கன்:
ஒரு நியாயம் கேட்க வந்திருக்கிறேன். 1928 ஆஸ்டின் செவன், ‘சம்மி’ என்று செல்லப்பெயர் வாங்கிய அந்தத் திறந்த கார், அதை 1:12 அளவில், நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக, மாடல் செய்துகொண்டிருக்கிறேன். கிட் கிடையாது, கடையில் வாங்கிய பாகம் ஒன்று கிடையாது. சேஸிஸ் பித்தளைப் பட்டை, பாடி 0.3 மி.மீ. பித்தளைத் தகட்டை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி எடுத்தது, சீட் மெல்லிய ஆட்டுத்தோல். சக்கரம் மட்டும், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து, கம்ப்யூட்டரில் நானே வரைந்து, வெளிச்சம் பட்டால் இறுகும் ரெசினில் 3டி பிரிண்ட் எடுத்தேன். படங்களை நம் மாடல் மன்றத்தின் ‘சொந்தக் கைவேலை’ பகுதியில் போட்டால், மட்டுறுத்துநர் ‘சக்கரம் பிரிண்ட்’ என்று இரண்டே சொல் எழுதி, ‘கிட், பிரிண்ட்’ பகுதிக்குத் தள்ளிவிட்டார். ஐந்து சக்கரத்துக்காக மொத்த வண்டியையும் தள்ளுவது எந்த ஊர் வழக்கம்?

பித்தளைவாசன்:
நான்தான் புகார் கொடுத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. பாடியைப் பார்த்தேன், அருமை, கண்ணாடிக்கு முன்னால் வரும் அந்த ஸ்கட்டில் வளைவை ஒரே தகட்டில் கொண்டுவந்தது சாதாரண வேலை இல்லை. ஆனால் செவன் எவ்வளவு சின்னக் கார் என்று யோசியுங்கள். வீல்பேஸ் 6 அடி 3 அங்குலம், உங்கள் அளவில் 159 மி.மீ. கூட வராது. ரிம் 19 அங்குலம், அதாவது உங்களிடம் 40 மி.மீ. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்குப் பாதி வண்டி சக்கரம்தான். அந்தப் பாதியை மெஷினிடம் கொடுத்துவிட்டு மீதியைக் காட்டி மெடல் கேட்கிறீர்கள்.

அப்புறம், உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிஜ ஸ்போக் கம்பி 4 மி.மீ. வாக்கில் இருக்கும், 12-ஆல் வகுத்தால் 0.33. உங்களுடையது 0.6-க்குக் குறையாது. திருப்பிப் பெருக்கினால் 7.2 மி.மீ. கம்பியில் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து ஒரு ஆஸ்டின் வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ரெசின்ரவி:
வாசன் சார், புகார் கொடுத்ததை ஒத்துக்கொண்டதற்கு நன்றி, ஆனால் வாதத்தில் இரண்டு விஷயத்தைக் கலக்குகிறீர்கள். ஸ்போக் தடிமன் என்பது தரம். எந்தப் பகுதியில் போடலாம் என்பது வேறு கேள்வி. கையால் கோத்த மோசமான சக்கரம் எத்தனையோ இந்தப் பகுதியிலேயே இருக்கிறது, யாரும் தள்ளவில்லை.

பிரிண்ட் என்றால் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவது என்று நினைப்பவர்கள் ஒரு ஸ்போக் சக்கரம் எடுத்துப் பார்க்கட்டும். எந்தக் கோணத்தில் சாய்ப்பது, சப்போர்ட்டை எங்கே வைத்தால் ஸ்போக் தொய்யாது, எங்கே வைத்தால் வெட்டும்போது ஸ்போக்கும் சேர்ந்து வராது, ஆல்கஹாலில் எவ்வளவு நேரம் கழுவினால் வீங்காது, புறஊதா விளக்கில் எவ்வளவு நேரம் வைத்தால் வளையாது, எல்லாமே பழகிப் பழகி வருவது. படத்தை அவரே வரைந்திருக்கிறார். யாரோ போட்ட ஃபைலை இறக்கி எடுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். அமிலத்தில் அரித்து எடுக்கும் பித்தளைத் தகடு, எச்சிங், அதை இந்தப் பகுதியில் பல வருடமாக அனுமதிக்கிறீர்கள். ரேடியேட்டர் வலை, டாஷ்போர்டு எழுத்து, 1:43-இல் முழு ஸ்போக் சக்கரமே அப்படித்தான் வருகிறது. நீங்கள் வரைந்து கொடுக்கிறீர்கள், அமிலம் வெட்டுகிறது. அமிலம் வெட்டினால் கைவேலை, வெளிச்சம் உறைய வைத்தால் மட்டும் மெஷின் வேலையா? இடியாப்பத்தை நாழியில் பிழிந்தால் கையால் செய்ததில்லை என்று யார் வீட்டில் சொல்கிறார்கள்?

பித்தளைவாசன்:
நாழி உவமை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே மாவு பிசைந்தவரும் பிழிந்தவரும் ஒரே ஆள், கை வலிக்கும். எச்சிங் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. என்னைக் கேட்டால் எச்சிங்கையும் வெளியே அனுப்புவேன், ஆனால் அந்த ஓட்டெடுப்பில் எங்கள் பக்கம் தோற்றுப்போனது.

சக்கரம் எப்படிக் கோக்கிறோம் என்பதைச் சொல்கிறேன், எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரியட்டும். ரிம்மை பித்தளைக் குழாயிலிருந்து லேத்தில் கடைந்து எடுக்கணும். ஹப்புக்கு, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்கு, இரண்டு விளிம்பு, ஒவ்வொன்றிலும் சுற்றிலும் 0.4 மி.மீ. துளை, சமமான இடைவெளியில். அந்த ட்ரில் பிட்டைக் கொஞ்சம் அவசரப்பட்டு அழுத்தினால் உள்ளேயே முறிந்து நிற்கும், ஹப்பையே தூக்கிப்போட வேண்டியதுதான். ரிம்மும் ஹப்பும் மையம் விலகாமல் ஒரு ஜிக்கில், பிடித்து நிறுத்தும் சட்டத்தில், உட்காரணும். பிறகு கம்பி. கிட்டார் கடையில் 13 கேஜ் தந்தி கேளுங்கள், 0.013 அங்குலம், அதாவது 0.33 மி.மீ., சொல்லிவைத்த மாதிரி நமக்கு வேண்டிய அளவு. வெளி வரிசை ஒரு சாய்வு, உள் வரிசை ஒரு சாய்வு. ஹப்பின் மையத்தை நோக்கிப் போகாமல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் புறப்படுகிற கம்பிதான் பிரேக் பிடிக்கும்போதும் இழுக்கும்போதும் வரும் முறுக்கைத் தாங்கும். இதெல்லாம் கோக்கும்போதுதான் கைக்குப் புரியும். கம்பி சக்கரம் இழுவையில் நிற்கிற பொருள். ரெசினில் ஒரே கட்டியாக வருவது அந்த மாதிரி ஒரு படம், அவ்வளவுதான்.

போச்சர் கம்பெனி 1:8 கிட் வாங்குகிறவன்கூட ஸ்போக்கை ஒவ்வொன்றாகக் கோக்கணும். கிட்காரன் செய்கிற வேலையைச் சொந்தக் கைவேலைக்காரர் செய்யமாட்டேன் என்கிறார்.

சக்கரக்கிறுக்கன்:
வாசன் சார், ‘லேத்தில் கடைந்து’ என்று ஒரு சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள். இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் லேத்தை எங்கே வைப்பது, மாடிக்காரர் சத்தத்துக்கு என்ன சொல்வார்? சுத்தியல் தட்டுவதற்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் அனுமதி. பிரிண்டர் பால்கனியில் சத்தமில்லாமல் நிற்கிறது. லேத் வைத்திருப்பவர்தான் கைவேலைக்காரர் என்றால் அது திறமைக்கான பகுதி இல்லை, இடவசதிக்கான பகுதி.

தடிமன் 0.6 இல்லை, 0.5. அதற்குக் கீழே போனால் ரெசின் நிற்கவில்லை.

பேட்டர்ன்பெரியவர்:
தம்பிகளா, கோவையில் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன், அதாவது மண் அச்சு எடுக்கும் மாதிரி, செய்து காலம் தள்ளியவன் நான், பம்ப் கேசிங், புல்லி, எல்லாம். ஒரு விஷயம் சொல்கிறேன். இரும்பு ஆறும்போது சுருங்கும், அதற்காக நாங்கள் சுருக்க ஸ்கேல் என்று தனியாக ஒன்று வைத்திருப்போம், அதில் ஒரு அடி சாதாரண அடியைவிடக் கொஞ்சம் நீளம். பேட்டர்ன் என் கையால், வார்ப்பு மண்ணிலே. அந்த பம்பை யார் செய்தார்கள் என்று கேட்டால் மண் என்று யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு பேட்டர்னையும் சிஎன்சி வெட்டுகிறது, மண் அச்சையே பிரிண்ட் எடுக்கிறான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வரைந்தவன் யாரோ அவன் வேலை.

ஆனால் சக்கரக்கிறுக்கன் தம்பிக்கு வேறு ஒரு தொல்லை இருக்கிறது, அதை யாரும் பேசவில்லையே. முழுப் பித்தளை வண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ இருக்குமா? அது ராப்பகலாக நாலு ரெசின் சக்கரத்தின் மேல் நிற்கப்போகிறது. சாதாரண ரெசின் நம்ம ஊர் வெயிலில், கண்ணாடிப் பெட்டிக்குள், மெதுவாகத் தொய்யும். ரிம் முட்டை வடிவமாகும், ஸ்போக் ஒரு பக்கமாகச் சாயும். போட்டோவில் இன்றைக்குத் தெரியாது. எந்தப் பகுதியில் போடுவது என்பதைவிட இதை முதலில் பார்.

ரெசின்ரவி:
பெரியவரே, இது நியாயமான பேச்சு. இதற்கென்றே வெப்பம் தாங்கும் ரெசின் வருகிறது, ஆனால் அது இன்னும் முறுகலாக இருக்கும், 0.5 ஸ்போக் தட்டினாலே போய்விடும். வண்டியை ஆக்சிலுக்குக் கீழே இரண்டு பித்தளைக் கட்டை கொடுத்து நிறுத்தலாம், சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும்.

ஆனால் வாசன் சாரின் கிட்டார் தந்தியும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. சென்னைக் கடற்காற்றில் துருப்பிடிக்கும்.

பித்தளைவாசன்:
சம்மி சக்கரத்துக்கு எப்படியும் பெயின்ட் அடிக்கத்தானே போகிறோம், துரு எங்கே வரும்? பயமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்குங்கள். சக்கரத்தைத் தரையில் படாமல் நிறுத்தலாம் என்று யோசனை சொல்கிறவரிடம் இதற்குமேல் நான் என்ன வாதாட?

ஏ40யாழ்ப்பாணம்:
அண்ணைமார், நீங்கள் கதைக்கிறதை வாசித்துக்கொண்டு வாறன், ஒரு கேள்வி. இவ்வளவு சண்டையும் சக்கரத்துக்கு, ஆனால் அந்தப் படத்தில் ரேடியேட்டர் குரோம் மாதிரி நீலமாக மினுங்குதே, அதைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. 1928 செவனில் நிக்கல் முலாம்தான், அதில் மெல்லிய மஞ்சள் ஓடும். கையால் செய்த ரேடியேட்டர்தான், ஆனால் பிழையான உலோகம். பிரிண்ட் சக்கரம் காரைப் பற்றிப் பொய் சொல்லவில்லை, இந்த குரோம் சொல்லுது.

எங்கட ஊரில் பழைய ஆஸ்டின், மொரிஸ் மைனர் எல்லாம் வைத்திருந்தவர்களுக்கு இது விளங்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில்தான் ஓடினது. நான் 1:18-இல் ஒரு ஆஸ்டின் ஏ40 செய்கிறன், புகை படிந்த பின்பக்கம், தகரம் வைத்து ஒட்டின மட்கார்ட், எல்லாம் அப்படியே வரப்போகுது. வடிவாக மினுக்கினால் அது நான் பார்த்த கார் இல்லை. பாகம் எப்படி வந்தது என்று நான் பார்க்கிறதில்லை, கார் அதுவாக இருக்கா என்றுதான் பார்ப்பன்.

சக்கரக்கிறுக்கன்:
யாழ்ப்பாணத்து அண்ணா, அது பளபளப்புக்காக ஒட்டிப் பார்த்த ஃபாயில், போட்டோவுக்கு முன்னால் எடுக்கவில்லை. நிக்கல் முலாம் பூச ஆளிடம் கொடுத்திருக்கிறேன். ஐயோ, ‘ஆளிடம் கொடுத்திருக்கிறேன்’ என்று எழுதிவிட்டேன், வாசன் சார் இதற்கும் புகார் கொடுப்பார்.

பித்தளைவாசன்:
கொடுக்கமாட்டேன். முலாம் பூசுவது மேல்பூச்சு, உருவம் கொடுப்பது இல்லை. எல்லாக் கோட்டையும் எங்காவது ஒரு இடத்தில் போட்டுத்தான் ஆகணும்.

ரெசின்ரவி:
அந்தக் கோட்டை நீங்கள் உங்களுக்கு வசதியான இடத்தில் போடுகிறீர்கள், அதுதான் என் வாதம் முழுவதும். ஆஸ்டின் கம்பெனியே என்ன செய்தது? 18 வயதுப் பையன் ஸ்டான்லி எட்ஜை வீட்டுக்குக் கூட்டிவந்து, பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார வைத்து வரைய வைத்தார் ஹெர்பர்ட் ஆஸ்டின். கார்ப்பரேட்டர் ஜெனித், மேக்னெட்டோ வாட்ஃபோர்ட், எல்லாம் வெளியே வாங்கியது. அதனால் அது ஆஸ்டின் கார் இல்லை என்று ஆகிவிட்டதா?

பித்தளைவாசன்:
ஹெர்பர்ட் ஆஸ்டின் கார் விற்கப் போனார், ரவி. லட்சக்கணக்கில். சக்கரத்தை வாங்கினாரா, செய்தாரா என்பது அவருக்கு விலைக் கணக்கு. நாம் யாருக்கும் ஒன்றும் விற்கவில்லை, வேலைக்காகவே வேலை செய்கிறோம். வேலையைக் குறைப்பதை இங்கே லாபம் என்று சொன்னால் பொம்மைக் கடையில் ஒன்று வாங்கி வைத்துவிடலாமே, அதைவிடக் குறைந்த வேலை உண்டா? 1:15 அளவில் மாடல்கள் செய்த பிரிட்டிஷ்காரர் விங்க்ரோவின் கார்களைப் படத்தில் பாருங்கள், எது நிஜக் கார், எது மாடல் என்று திகைப்போம். அந்தக் கண்ணும் கையும் சக்கரம் கோத்துத்தான் வந்தது.

பேட்டர்ன்பெரியவர்:
இரண்டு பேரும் மூச்சு வாங்குங்கள். தம்பி, உன்னிடம் பிரிண்டர் இருக்கிறது, லேத் இல்லை. சக்கரத்தை பிரிண்ட் எடுக்காதே, ஜிக்கை எடு. ரிம் உட்காரப் பள்ளம், ஹப்புக்கு நடுவில் குச்சி, சுற்றிலும் ஒவ்வொரு கம்பிக்கும் சரியான சாய்வில் காடி. ஜிக் எடை தாங்க வேண்டியதில்லை, வெயிலில் நிற்க வேண்டியதில்லை. ரிம்மையும் ஹப்பையும் கடைய பக்கத்து ஊர் லேத் பட்டறையில் வரைபடத்தோடு போய்க் கேள், பத்து ரிம் கேட்டால் சிரிப்பான், ஆனால் செய்து கொடுப்பான். கம்பி கோப்பது உன் வேலை.

ஒன்று மட்டும், ஈயம் வைக்கும்போது பிரிண்ட் ஜிக்கில் வைத்தே சூடு காட்டாதே, ஜிக் வளைந்து கருகிவிடும். கோத்து, பசை வைத்துப் பிடித்து, வெளியே எடுத்து அப்புறம்தான் மீதி.

ரெசின்ரவி:
ஜிக் யோசனை நல்லது, நானே வரைந்து தருகிறேன். ஆனால் பதிவில் இருக்கட்டும்: பிரிண்ட் ஜிக் கைவேலை, பிரிண்ட் சக்கரம் கைவேலை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சக்கரக்கிறுக்கன்:
சரி, கம்பியில் கோக்கிறேன். காரணம் எடை, பெரியவர் சொன்னது. வாசன் சார் சொன்ன கண்ணும் கையும் இல்லை, அவர் தப்பாகச் சந்தோஷப்பட வேண்டாம். பிரிண்ட் எடுத்த ஐந்தையும் வீணாக்காமல் டயர் அச்சுக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளப் போகிறேன், அவற்றைச் சுற்றி சிலிக்கான் ஊற்றி, கறுப்பு பாலியூரித்தேனில் டயர் வார்க்கலாம் என்று எண்ணம்.

பித்தளைவாசன்:
சந்தோஷப்படுவது என் உரிமை. ஆனால் டயர் விஷயத்தில் நிற்கவும்: ரெசின் பிரிண்ட் மேல் பிளாட்டினம் வகை சிலிக்கானை ஊற்றாதீர்கள். சரியாக இறுகாத ரெசின் கொஞ்சம் இருந்தாலும் சிலிக்கான் தொடும் இடமெல்லாம் பிசுபிசுவென்றே நிற்கும், அச்சு போச்சு. அச்சுப் பெட்டி கட்ட கந்தகம் உள்ள களிமண்ணும் ஆகாது, அதே கதை.

ரெசின்ரவி:
அதை நான் சொல்லவேண்டியது. டின் வகை சிலிக்கான் வாங்குங்கள், அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. டின் அச்சு சில வருடத்தில் நொறுங்கும், ஐந்து டயருக்கு அது கவலையே இல்லை.

மட்டுறுத்துநர்:
இடமாற்றம் பற்றி: கம்பிச் சக்கரம் மாட்டிய படம் வந்ததும் ‘சொந்தக் கைவேலை’க்குத் திருப்புகிறேன், அதுவரை இங்கேயே. எச்சிங் பற்றி ரவி எழுப்பிய கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம். வாசன் சார், அந்த இழையில் முதல் பதிவு உங்களுடையதாக இருக்கக் கூடாது.