ஒரு சொட்டு ரத்தம் போதுமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சேகர் பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) நானோ தங்கத் துகளும் லேசர் ஒளியும் போதும், ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடும். இனி சதை எடுத்துப் பார்க்கவே வேண்டாம்!

சேகர் பெரியப்பா: காவ்யா, இது உன் துறைதானே, உண்மையா? புராஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் எனக்கு 4.8 வந்திருக்கிறது, டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். இந்த டெஸ்ட் வரும்வரை பொறுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

காவ்யா: பொறுக்க வேண்டாம் பெரியப்பா. எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இருங்கள்.

ராஜி சித்தி: 4.8 என்றால் பயப்பட வேண்டுமா?

காவ்யா: அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது சித்தி. 4-ஐத் தாண்டினால் பொதுவாகக் கவனிப்பார்கள். ஆனால் வயதாகிப் புராஸ்டேட் வீங்கினாலும் ஏறும், கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும். 4-க்குக் கீழே இருந்தும் புற்றுநோய் இருப்பவர்கள் உண்டு. சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

அருண்: அப்போ தங்கத் துகள் என்பதே கட்டுக்கதையா?

காவ்யா: இல்லை அண்ணா, அது உண்மை. கோவிட் கிட்டில் பார்த்த சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். 15, 20 நானோமீட்டர் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும்போது கரைசல் நல்ல சிவப்பாக இருக்கும், கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணெதிரே ஊதாவாகி நீலமாகிவிடும். துகளின் மேல் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பொருத்திவைத்தால், தேடுகிற புரதம் வந்து ஒட்டும்போது துகள் உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் துளி நகரும். கண்ணுக்குத் தெரியாது, கருவி பிடித்துவிடும்.

காவ்யா: சிக்கல் வருவது ரத்தத்தில். அதே துகள்களை முதலில் ரத்த சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீர்) கலந்துவிட்டு அப்புறம் உப்பு விட்டுப் பாருங்கள், நிறம் மாறாது, சிவப்பாகவே நிற்கும். அதற்குள் சீரத்திலுள்ள புரதங்கள் துகளைச் சுற்றிப் போர்த்திவிடுகின்றன, தேடுகிற புரதம் வந்து ஒட்டுவது கடினமாகிறது. ஒரு மில்லி சீரத்தில் ஆல்புமின் என்ற புரதம் மட்டுமே 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், பெரியப்பாவின் பிஎஸ்ஏ புரதமோ 4.8 நானோகிராம். 80 லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம்! லேபில் தயாரிக்கும் சுத்தமான பஃபர் கரைசலில் அருமையாக வேலை செய்யும் சென்சார் ரத்தத்தில் திணறுவது இதனால்தான்.

அருண்: சரி, அதையும் தீர்த்துவிட்டால்?

காவ்யா: நிறையவே முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், பிஎஸ்ஏ ஏன் ஏறியது என்பதை அந்த எண் சொல்லாது. சினைப்பைப் புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 இன்னொரு உதாரணம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) இருந்தாலே ஏறும், மாதவிடாயின்போதும் ஏறும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல ஆண்டுகள் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு பிரிவினருக்கு சிஏ-125, இன்னொரு பிரிவினருக்கு ஸ்கேன், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 2021-இல் முடிவு வந்தபோது, பரிசோதித்ததால் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. படித்தபோது மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ராஜி சித்தி: அப்போ இதனால் யாருக்குத்தான் பயன்?

காவ்யா: சிகிச்சை முடிந்தவர்களுக்கு, சித்தி. புராஸ்டேட்டையே எடுத்த பிறகு பிஎஸ்ஏ ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும், அங்கே இம்மியளவு ஏறினாலும் நோய் திரும்புகிறதோ என்று பார்க்க வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு தங்கத் துகள்களை வைத்து, வழக்கமான லேப் டெஸ்ட் ‘இல்லை’ என்று சொன்ன அளவையும் அளந்து காட்டியது. நான் இந்த வேலையை விடாமல் செய்வதே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

சேகர் பெரியப்பா: சரிம்மா. வியாழக்கிழமை எம்ஆர்ஐக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், போய்விடுகிறேன்.

காவ்யா: நல்லது பெரியப்பா. ரிப்போர்ட்டில் ‘ஃப்ரீ பிஎஸ்ஏ’ (மற்ற புரதங்களோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பிஎஸ்ஏ) என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் டாக்டரிடம் அதையும் காட்டுங்கள். அப்புறம், அந்த ஃபார்வர்டை வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தால் நீக்கிவிடுங்கள், யாராவது அதை நம்பி டெஸ்டைத் தள்ளிப்போட்டுவிடப் போகிறார்கள்.