ஒத்திகைக்கு ஆள் வருவதில்லை: சிறு நாடகக் குழு நடத்துகிறவர்கள் யோசனை சொல்லுங்கள்

புதுகை_மேடை:

வணக்கம். புதுக்கோட்டையில் ஒரு சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். 2022ல் ஆரம்பித்தபோது பதினாறு பேர். இப்போது பெயருக்குப் பதினொன்று, ஒத்திகைக்கு வருவது ஐந்தாறு. இரண்டு ஆசிரியர்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவர் ஒருவர், மற்றபடி கல்லூரிப் பிள்ளைகள். யாருக்கும் இது பிழைப்பு இல்லை, ஆசைக்காக வருகிறவர்கள்தான்.

இதுவரை நாற்பது ஐம்பது நிமிட நாடகங்கள் மூன்று போட்டோம், நன்றாகவே போயின. அந்தத் தைரியத்தில் இந்த முறை ஒரு குறுநாவலை நாடகமாக்கினேன். பதினான்கு பாத்திரங்கள், இரண்டு மணி நேரம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஆனால் முழுக் குழுவும் ஒரே நாளில் கூடிய ஒத்திகை இதுவரை ஒன்றுகூட இல்லை. டிப்போ அண்ணனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. முக்கியப் பாத்திரம் செய்யும் தங்கை, வீட்டில் சத்தம் போடுகிறார்கள் என்று இரண்டு வாரமாக வரவில்லை. தினமும் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை என்று வைத்திருக்கிறேன், வந்தவர்களை வைத்து வராதவர்களின் வசனத்தை நானே வாசித்து ஓட்டுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன நாடகத்துக்கு என் கையிலிருந்து 23,000 ரூபாய் போட்டேன். அப்படியிருந்தும் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் "உண்டியல் காசு என்ன ஆச்சு" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. குழுவை விட மனசில்லை, ஆனால் இப்படியே தாங்கவும் முடியாது. உங்கள் குழுக்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வைகைக்கரை:

தோழர், முதலில் அந்த நாடகத்தைக் குறையுங்கள். வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். வேலைக்கும் கல்லூரிக்கும் போகிற பதினொரு பேரை வைத்துக்கொண்டு பதினான்கு பாத்திரம் எழுதினால் அவர்கள் வராதது அவர்கள் குற்றம் இல்லை, நாடகமே அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாத அளவில் தைக்கப்பட்டிருக்கிறது. மதுரையில் பதினைந்து வருடமாக ஒரு குழுவில் இருக்கிறேன். நாங்கள் பிரதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆள் தேடுவதை எப்போதோ நிறுத்திவிட்டோம். யார் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று முதலில் எழுதிக்கொள்வோம், பிறகுதான் பிரதி.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது, பார்த்திருப்பீர்கள். வள்ளி திருமணம் நாடகத்துக்குக் கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும் தனித்தனியாக வருவார்கள், சேர்ந்து ஒத்திகை என்பதே கிடையாது, விடிய விடிய நாடகம் நடக்கும். 1922ல் காலமான நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் இன்றைக்கும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம், அதனால் முடிகிறது. நமக்கு அந்தப் பொதுவான பாடம் இல்லை, ஒவ்வொரு நாடகமும் புதுசு. ஆகையால் நமக்கு ஒத்திகை வேண்டும், ஆனால் அது எல்லோரும் கூடுகிற ஒத்திகையாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது?

காட்சிவாரியாகக் கூப்பிடுங்கள். மூன்றாம் காட்சியில் இரண்டு பேர் என்றால் அந்த இரண்டு பேர் மட்டும், ஒரு மணி நேரம், மருந்துக்கடையின் பின்பக்கமோ மொட்டை மாடியோ போதும். நான்கு வரி வசனத்துக்காக ஒருவரை மூன்று மணி நேரம் உட்காரவைத்தால் இரண்டாவது வாரமே அவருக்குத் தலைவலி, காய்ச்சல் எல்லாம் வரும். எல்லோரும் கூடுவது வாரத்தில் ஒரே நாள், அந்த நாளை மட்டும் யாரும் தொடக்கூடாது. டிப்போ அண்ணனிடம் டூட்டி சார்ட்டை வாங்கி அவருடைய காட்சிகளை அதற்கேற்பப் போடுங்கள்.

வக்கீல் வேலையும் பிறகு நீதிபதி வேலையும் பார்த்துக்கொண்டேதான் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவை நடத்தினார், 1891ல் தொடங்கியது அது. பொழுதுபோக்குக்காக நாடகம் போடுகிறவர்கள் என்று நம்மை யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது, அந்த வழியில் வந்தவர்கள்தான் நாம்.

ஸ்திரீபார்ட்:

எல்லோரும் ஒத்திகை, பிரதி என்றே பேசுகிறீர்கள். அந்தத் தங்கை ஏன் வரவில்லை என்று யாராவது அவர் வீட்டில் போய்க் கேட்டீர்களா?

நான் தஞ்சாவூரில் இரண்டு குழுக்களில் நடித்தேன், இரண்டையும் விட்டேன், நடிப்பு பிடிக்காமல் இல்லை. ஒன்பதரைக்கு ஒத்திகை முடிந்தால் டவுன் பஸ் இருக்காது. யாராவது பைக்கில் கொண்டுபோய் விடுவார்கள், தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள், மறுநாள் அம்மாவுக்குப் பதில் சொல்லி முடியாது. ஒத்திகை நடந்த கட்டடத்தில் கழிப்பறை பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. நாடகத்தன்று உடை மாற்ற ஒரு மறைப்புக்கூட இல்லாமல், படிக்கட்டுக்குக் கீழே இரண்டு பேர் புடவையைப் பிடித்துக்கொள்ள மாற்றினேன். இதையெல்லாம் சொன்னால் "நீ சீரியஸாக இல்லை" என்றார்கள்.

அண்ணா, உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வையுங்கள், வார நாட்களில் ஏழரைக்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். குழுவில் இருக்கிற டீச்சரை அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அம்மாவை ஒத்திகைக்கு வரச்சொல்லுங்கள், வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். என்னுடைய மூன்றாவது குழுவில் அப்படித்தான் செய்தார்கள், இப்போது எங்கள் உடைகளை எல்லாம் தைப்பது என் அம்மாதான்.

முக்கியப் பாத்திரத்துக்கு இரண்டாவது ஆள் ஒருவரைத் தயார் செய்யுங்கள், ஆனால் அதை அந்தத் தங்கையை மிரட்டுவதற்காகச் செய்யாதீர்கள். நாடகத்தை இரண்டு தடவை போட முடிந்தால் ஆளுக்கு ஒரு தடவை நடிக்கட்டும்.

கல்லாப்பெட்டி:

காசு விஷயத்துக்கு வருகிறேன், நான் கணக்காளர், ஒரு குழுவுக்குப் பொருளாளரும்கூட. உண்டியல் காசு என்ன ஆச்சு என்று கேட்டவர் மேல் வருத்தப்படாதீர்கள். கணக்கைச் சொல்லாத இடத்தில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நாடகம் முடிந்த அன்றே வரவு செலவை ஒரே தாளில் எழுதிப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். உங்கள் 23,000ஐயும் "இன்னார் கொடுத்த கடன்" என்று அதில் எழுதுங்கள். பெருந்தன்மையாக மறைத்து வைத்தால் ஒரு நாள் அது கசப்பாகத்தான் வெளியே வரும்.

வங்கிக் கணக்கு வேண்டுமென்றால் சங்கமாகப் பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், உங்களிடம் பதினொரு பேர் இருக்கிறார்கள். பதிந்தால் வருடாவருடம் பொதுக்குழு கூட்டவேண்டும், கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும், அதற்கு ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் இப்போதைக்கு அவசரப்படாதீர்கள், இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு போதும்.

டிக்கெட் போடுவதாக இருந்தால் நாடகத்துக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அந்தப் பயம் வேண்டாம். அதைவிட முக்கியமானது அந்தக் குறுநாவல். எழுத்தாளரிடமோ வாரிசிடமோ எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? 1957 காப்புரிமைச் சட்டத்தில், பணம் கொடுக்காத பார்வையாளர்களுக்கு அமெச்சூர் குழு நடத்திக் காட்டினால் விலக்கு இருக்கிறது. ஆனால் அது நடத்திக் காட்டுவதற்கு மட்டும்தான், கதையை நாடகமாக மாற்றி எழுதும் உரிமை தனி. எழுத்தாளர் காலமாகி அறுபது வருடம் தாண்டாத எதற்கும் கேட்டுவிடுவதுதான் சரி. கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே கொடுப்பார்கள்.

காவல் நிலையத்தில் மைக் அனுமதிக்கு எழுதிக் கொடுங்கள், பொது இடத்தில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பிரதியைக் கொண்டுபோய்க் காட்டி அனுமதி வாங்குகிற முறை 1954 நாடகச் சட்டத்தால் வந்தது, அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013ல் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர் பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி. நம்மைப் போன்ற சின்னக் குழுக்கள் இன்று நிம்மதியாக மேடையேற அவரும் ஒரு காரணம், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

வெளிச்சம்:

கல்லாப்பெட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு பஸ் காசு கொடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். மண்டபத்துக்கும் ப்ளெக்ஸுக்கும் போகிற காசில் பாதி போதும்.

மண்டபம்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980ல் சென்னை சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து பட்டறை நடத்தினார், மேடையும் திரையும் விளக்கும் இல்லாமல் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே நடிக்கலாம் என்பதுதான் அவருடைய வழி. பள்ளி வகுப்பறையில் ஐம்பது பேர் சுற்றி உட்கார்ந்தால் மைக்கே தேவையில்லை. மண்டபம்தான் என்றால் ஆடியிலோ மார்கழியிலோ போடுங்கள், கல்யாணம் இல்லாத மாதங்கள், காலியாகக் கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம்.

வைகைக்கரை தோழரோடு ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. வாரத்தில் ஒரு நாள் கூடினால் போதாது, கடைசிப் பத்து நாளில் குறைந்தது மூன்று முழு ஓட்டமாவது வேண்டும், அதில் ஒன்று நாடகம் நடக்கும் இடத்திலேயே விளக்கோடு. 500 வாட் ஹாலோஜன் விளக்கு இரண்டு போட்டாலே 5 ஆம்பியர் ப்ளக் தன் எல்லைக்கு வந்துவிடும், பக்கத்தில் ஒருவர் அயர்ன் பாக்ஸைச் சொருகினால் அவ்வளவுதான், ஃப்யூஸ் போகும். எங்களுக்கு உச்சக் காட்சியில் போனது. மண்டபத்து ஃபேன் சத்தத்தில் வசனம் கேட்குமா என்பதும் அங்கே போனால்தான் தெரியும்.

வைகைக்கரை:

கடைசிப் பத்து நாள் விஷயத்தில் வெளிச்சம் சொல்வது சரி. நான் சொன்னது அதற்கு முந்தைய வாரங்களுக்கு.

புதுகை_மேடை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று டீச்சரோடு அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். அவர் அப்பா கேட்டது ஒரே கேள்வி, "எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பாள்?" இவ்வளவு நாள் எங்களில் யாரும் அதற்குப் பதில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழரைக்கு முடிப்போம், டீச்சரே கூட வந்து விடுவார் என்று சொல்லியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வருகிறார்.

பிரதியில் உட்கார்ந்து ஐந்து பாத்திரங்களை எடுத்துவிட்டேன், இரண்டு ஊர்க்காரர் பாத்திரங்களை ஒருவரே செய்யும்படி மாற்றினேன். எழுபது நிமிடம் வரும் என்று நினைக்கிறேன். கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் வாசித்துப் பார்த்தபோது மூன்றாம் காட்சி முன்பைவிட நன்றாக இருக்கிறது. எழுத்தாளரின் மகளிடம் பேசினேன், கடிதம் அனுப்பச் சொன்னார், அது வந்த பிறகுதான் நோட்டீஸ் அடிப்போம். பழைய கணக்கை எழுதிக் குழுவில் போட்டுவிட்டேன், கேட்டவரே போன் செய்து பேசினார். அவரையே பொருளாளராக இருக்கச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

மண்டபக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டாராம். அதனால் மண்டபத்திலேயே போடுகிறோம், ஆனால் மேடையில் இல்லை, கீழே தரையில், மூன்று பக்கமும் நாற்காலி. விளக்கு மட்டும்தான் இன்னும் ஏற்பாடு ஆகவில்லை.

வெளிச்சம்:

நான் திருச்சியில்தான் இருக்கிறேன். இரண்டு ஹாலோஜனும் ஸ்டாண்டும் சும்மா கிடக்கின்றன, நாடகம் முடிந்து திருப்பித் தந்தால் போதும். அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கே எடுத்து வருகிறேன். மூன்று பக்கமும் ஆட்கள் என்றால் யார் கண்ணிலும் அடிக்காமல் உயரத்தில் கட்டவேண்டும், மண்டபத்தில் தூண் இருக்கிறதா, ப்ளக் பாயின்ட் எங்கே என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.