2147483647 பகா எண் என்பதற்கான நிறுவலில் ஓர் ஐயம்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். தொடக்கக் கல்லூரியில் பயிலும் என் மகளுடன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது எழுந்த ஐயம் இது.

2-இன் 31ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 2147483647 (நிரல் எழுதுவோருக்கு நன்கு பழக்கமான எண்தான்) ஒரு பகா எண் என்று கணித அறிஞர் ஆய்லர் 1772இல் காட்டினார். அதன் வர்க்கமூலம் 46341-க்குச் சற்றுக் குறைவு. அதுவரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் கையால் வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆய்லரோ, இதை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63-ஐ மீதியாகத் தரவேண்டும் என்று கண்டு, சோதிக்கவேண்டியவற்றை நானூறுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்.

248 என்பது 62, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு என்பதால், இதை இரண்டு கூறுகளாகப் பார்த்தோம். அத்தகைய பகா எண்ணை 62-ஆல் வகுத்தால் மீதி 1 என்பது, அடுக்குகளைப் பகா எண்ணால் வகுக்க வரும் மீதியைப் பற்றிய ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து எங்களுக்குப் புரிந்தது. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே என்பதுதான் பிடிபடவில்லை. 2-இன் 32ஆம் அடுக்கை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 2 வருவதால், 2 என்பது ஒரு வர்க்க எண்ணை அதனால் வகுக்கக் கிடைக்கும் மீதி என்பதுவரை வந்துவிட்டோம். அங்கிருந்து 8-க்குச் செல்லும் வழியை, பதினேழு வயதுப் பிள்ளைக்கு எட்டும் வகையில், எவரேனும் விளக்க இயலுமா? கணினியில் சரிபார்த்துவிட்டோம், எங்களுக்கு வேண்டியது காரணம்.