அப்பாவுக்கு ஒரு சைக்கிள்

*குழு: நம்ம வீடு*

அப்பா: முழங்காலுக்கு சைக்கிள் ஓட்டுவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் சிட்லபாக்கம் ஏரி வரை போய் வரலாம் என்று இருக்கிறேன். என்ன சைக்கிள் வாங்கலாம், சொல்லுங்கள்.

கார்த்தி: அப்பா, ஆன்லைனில் ஒன்று பார்த்தேன். 21 கியர், முன்னாலும் பின்னாலும் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். தள்ளுபடி போக 9,000 ரூபாய். ஆர்டர் போட்டுவிடவா?

சரவணன் மாமா: கார்த்தி, கொஞ்சம் பொறு. அந்த விலைக்கு வரும் சஸ்பென்ஷன் எடையைத்தான் கூட்டும். மிதிக்கிற தெம்பில் ஒரு பங்கு ஸ்பிரிங் அமுங்குவதிலேயே போய்விடும். முழங்கால் வலிக்கு அது வேண்டவே வேண்டாம்.

மீனா சித்தி: அண்ணன் சொன்னால் கேட்டுக்கொள் கார்த்தி. அம்பத்தூர் சைக்கிள் ஃபேக்டரியிலேயே ரிட்டயர் ஆனவர்.

அப்பா: அப்படியென்றால் பழைய பி.எஸ்.ஏ எஸ்.எல்.ஆர் மாதிரி ஒன்று போதுமா சரவணா?

சரவணன் மாமா: நல்ல வண்டிதான் அத்தான். ஆனால் குறுக்குக் கம்பி உயரம், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். இப்போது ஹைபிரிட் என்று வருகிறது. டயர் ரொம்ப ஒல்லியும் இல்லை, தடியும் இல்லை. ஹேண்டில்பார் கொஞ்சம் உயரம், முதுகு வளையாது. அதிலேயே கம்பி சரிந்து இறங்கிய ஃபிரேமாகப் பாருங்கள்.

அம்மா: அது லேடீஸ் சைக்கிள் மாதிரி இருக்குமே, இவர் ஓட்டுவாரா?

அப்பா: ஏறி இறங்க சுலபம் என்றால் எனக்கு எதுவும் சரி.

நித்யா: மாமா, அப்பாவுக்கு நல்ல மெத்தென்ற ஜெல் சீட்டாகப் போட்டுவிடலாமா?

சரவணன் மாமா: எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ரொம்ப மெத்தென்று இருந்தால் கொஞ்ச தூரத்திலேயே உடம்பு அமுங்கி, தொடை உரசி வலிக்கும். உட்காரும் எலும்பு இரண்டும் சீட்டின் மேல் சரியாகப் பதிய வேண்டும். அகலம்தான் முக்கியம்.

அதைவிட முக்கியம் சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும். நம்மூரில் பயத்தில் எல்லோரும் சீட்டை இறக்கிவிடுகிறார்கள். முட்டியின் முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் அதனால்தான். கியர் 7 இருந்தால் போதும். லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள், பாரமான கியரில் அழுத்தி மிதிக்காதீர்கள்.

அப்பா: ஓட்டினால் கை மரத்துப்போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சரவணன் மாமா: சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடைவெளி அதிகமானால் உடம்பு பாரம் கையில் இறங்கும். முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். இதெல்லாம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், போட்டோவில் தெரியாது.

கார்த்தி: சரி மாமா, ஆன்லைன் வேண்டாம்.

சரவணன் மாமா: பெட்டியில் வந்தால் முன் வீல், ஹேண்டில், பெடல் எல்லாம் நாமே மாட்ட வேண்டும். இடது பெடலுக்கு எதிர் மரை, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் வலுவாகத் திருகினால் பெடல் மாட்டும் கிராங்கில் மரையே போய்விடும்.

மீனா சித்தி: பாரிமுனை ரத்தன் பஜாரில் வரிசையாக சைக்கிள் கடை இருக்கிறதே. விலை பேசி வாங்கலாம்.

சரவணன் மாமா: வாங்கலாம் மீனா. ஆனால் பிரேக் உரசினால் குரோம்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கா கொண்டுபோவது? புது வண்டியில் ஒரு மாதத்தில் கேபிள் தளரும், ஸ்போக் தளரும். அப்போது இறுக்கிக் கோட்டம் எடுத்துத் தரும் கடை வீட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 500 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

நித்யா: நல்ல கடை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சரவணன் மாமா: மெக்கானிக் கடையிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறாரா பார். வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விடுகிறார்களா பார். உயரத்தைக் கேட்காமல், உட்கார வைத்துப் பார்க்காமல் நேராக விலையைச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விட வேண்டும். பழைய சைக்கிள் நாலு ரிப்பேருக்கு நின்றால் நல்ல அடையாளம். அக்கம்பக்கத்து ஆட்கள் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நித்யா: பில்லையும் பாருங்கள் அப்பா. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

அம்மா: பெல், ஸ்டாண்டு, மட்கார்டு, பின்னால் ஒரு லைட்டு, எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். மழைக்காலத்தில் மட்கார்டு இல்லாவிட்டால் முதுகெல்லாம் சேறு.

சரவணன் மாமா: அக்கா சொல்வது சரி. டிஸ்க் பிரேக்கும் வேண்டாம் அத்தான். சாதா பிரேக்கே போதும், ரப்பர் தேய்ந்தால் தெருமுனைக் கடையில்கூட மாற்றித் தருவார்கள். சனிக்கிழமை காலை 11 மணிக்கு வருகிறேன், பல்லாவரத்தில் இரண்டு மூன்று கடை பார்ப்போம்.

அப்பா: சரி சரவணா. பேன்ட் போட்டுத் தயாராக இருக்கிறேன்.

சரவணன் மாமா: ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு சீட் உயரம் வைத்தால் மறுபடி மாற்ற வேண்டிவரும்.