மோகா டெஸ்டில் 21: மறதியா, காது கேட்காததா?

வேப்பமரத்தடி:
74 வயது ஆண், பட்டதாரி. சர்க்கரையும் பிபியும் மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில்: வலது காது 30, 40, 55, 70 டெசிபல், இடது காது 35, 45, 55, 75 (எண் கூடக்கூடக் குறை அதிகம்). எலும்புவழி சோதனையிலும் ஏறத்தாழ இதே அளவு, அதாவது குறை உள்காதுப் பக்கம். சொல் புரிதல் 72 சதவீதம். நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் பார்க்கும் மோகா டெஸ்டில் 30க்கு 21.

காது மெஷின் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பெரும்பாலும் டப்பாவில்தான் கிடக்கிறது. போட்டால் "என் குரலே பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்கிறார்.

21 என்றால் டிமென்ஷியா (மறதி நோய்) தானா? மெஷின் போட்டால் டிமென்ஷியா வராது என்று விற்ற இடத்தில் சொன்னார்கள், அது எவ்வளவு தூரம் உண்மை? டப்பாவில் இருப்பதைக் காதில் நிற்க வைப்பது எப்படி?

ஒலிமானி:
மொத்த மதிப்பெண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு பாருங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். பிரிவு வாரியாக எங்கே எவ்வளவு போனது? ஐந்து சொற்களை முதலில் இரண்டு முறை படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதற்கு மார்க் கிடையாது, ஆனால் தாளில் டிக் போட்டிருப்பார்கள். அதையும் பார்த்துச் சொல்லுங்கள். டெஸ்ட் நடந்தபோது மெஷின் காதில் இருந்ததா?

வேப்பமரத்தடி:
மெஷின் வாங்குவதற்கு முன்பு எடுத்தது. ஓ.பி. அறை, மேலே ஃபேன், கதவு திறந்திருந்தது. தாளில் உள்ளபடி: படம் வரைதல், கடிகாரம் 5/5. விலங்குப் பெயர் 3/3. எண்களைத் திருப்பிச் சொல்வது 1/2. குறிப்பிட்ட எழுத்து வந்தால் தட்டுவது 0/1. ஏழு ஏழாகக் கழிப்பது 3/3. வாக்கியம் திருப்பிச் சொல்வது 0/2. சொல் வேகம் (ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்வது) 0/1. ஒப்புமை 2/2. ஐந்து சொல் நினைவு 1/5. தேதி, இடம் 6/6. முதலில் படித்துக் காட்டியபோது இரண்டு முறையும் மூன்று சொற்கள்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறார். ஒன்றை வேறு சொல்லாகச் சொன்னார் என்று குறிப்பு இருக்கிறது.

ஒலிமானி:
இதுதான் வேண்டியிருந்தது. எண், எழுத்து, வாக்கியம், ஐந்து சொல் ஆகிய நான்கும் சேர்ந்து 10 மார்க். நான்கும் பரிசோதகர் வாயிலிருந்து காதுக்குள் போக வேண்டியவை. இழந்த 9 மார்க்கில் 8 அங்கேதான் போயிருக்கிறது. கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய எட்டும் முழுசாக வந்திருக்கின்றன. டிமென்ஷியா ஓரளவு முற்றியவர்களுக்குப் பெரும்பாலும் கடிகாரமும் தேதியும் தடுமாறும்.

ஆனால் எல்லாப் பழியையும் காதின் மேல் போட்டுவிடாதீர்கள். ஐந்தில் இரண்டு சொல் உள்ளேயே போகவில்லை, சரி. உள்ளே போன மூன்றில் ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது. அந்த இரண்டுக்குக் காதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், இரண்டும் பார்த்தாகிவிட்டதா? மெஷினைச் சரியாக அமைத்து, மூன்று மாதம் ஒழுங்காகப் போட்ட பிறகு, அமைதியான அறையில், மெஷினோடு மறுபடி மோகா எடுங்கள். காது கேளாதவர்களுக்காகச் சொற்களை எழுத்தில் காட்டி நடத்தும் மோகா-எச் என்ற வடிவமும் உண்டு, கிடைக்குமா என்று கேளுங்கள்.

நரம்புச்சரம்:
இரண்டாவது கேள்விக்கு. விற்ற இடத்தில் சொன்னது மிகை.

2011இல் ஃபிராங்க் லின் குழுவினர் பால்டிமோரில் 639 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, காது கேட்பதில் லேசான குறைபாடு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு, நடுத்தரத்துக்கு மூன்று மடங்கு, கடுமைக்கு ஐந்து மடங்கு என்று வந்தது. அது தொடர்புதான், காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. சர்க்கரையும் பிபியும் உள்காதின் சிறு ரத்தக்குழாயையும் கெடுக்கும், மூளையின் சிறு ரத்தக்குழாயையும் கெடுக்கும். இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்திருக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது: பாதி கேட்ட வாக்கியத்தை ஊகித்து நிரப்புவதிலேயே மூளையின் உழைப்பு செலவாகிவிட்டால், கேட்டதை மனதில் பதிக்க மிச்சம் குறைவு. பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கிவிடுவது அதற்கு மேல்.

2023இல் வந்த அச்சீவ் ஆய்வுதான் உருப்படியான சோதனை. 70 முதல் 84 வயதுக்குள் 977 பேர், மூன்று ஆண்டு, பாதிப்பேருக்கு மெஷின். மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே இதய ஆய்வு ஒன்றில் இருந்த, வயதும் நோய்களும் கூடுதலான பிரிவினருக்கு மட்டும் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைந்தது. சர்க்கரை, பிபி உள்ளவருக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி, உத்தரவாதம் இல்லை. அதே 2023இல் மெஷின் போட்டால் டிமென்ஷியா குறையும் என்று பிரிட்டிஷ் தரவை வைத்து வந்த ஒரு கட்டுரை, கணக்குப் பிழையால் திரும்பப் பெறப்பட்டது. விளம்பரங்களில் அது இன்னும் சுற்றுகிறது.

லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா குழு 2024இல் தந்த அறிக்கையில் காதுக்கு 7 சதவீதம் என்று இருப்பதையும் தப்பாகப் படிக்கிறார்கள். அது ஒரு தனி மனிதரின் ஆபத்து இல்லை, காதுக் குறைபாடே இல்லாமல் போனால் மொத்த டிமென்ஷியாவில் எவ்வளவு குறையலாம் என்று மக்கள்தொகை முழுதுக்கும் போட்ட கணக்கு.

கம்மல்காது:
பானைக் குரலுக்கு வரேன். அவருக்கு 500 ஹெர்ட்ஸில் 30தான், கீழ் ஸ்தாயி ஓரளவு நல்லாவே கேட்குது. அந்தக் காதை மூடின டோம் (மெஷின் நுனியில காதுக்குள்ள போற ரப்பர் மூடி) போட்டு அடைச்சா சொந்தக் குரலும் மெல்லுற சத்தமும் உள்ளேயே முட்டும். துளை உள்ள டோமோ, துளை போட்ட இயர் மோல்டோ (காது அளவெடுத்து வார்க்கறது) கேளுங்க. ஆனா 4000இல் 70, 75 இருக்கறதால முழுசாத் திறந்துவிட்டா விசிலடிக்கும். துளை அளவை மாத்தி மாத்திப் பார்த்துத்தான் சரி பண்ணணும்.

அடுத்தது, மெஷினோட சாஃப்ட்வேர் போட்ட முதல் செட்டிங்கோடயே அனுப்பிட்டாங்களான்னு பாருங்க. காதுக்குள்ள மெல்லிய குழாய் வைச்சு, மெஷின் கொடுக்கற சத்தத்தை நிஜமாவே அளக்கற முறை ஒண்ணு இருக்கு. "ரியல் இயர் மெஷர்மென்ட் பண்ணுவீங்களா"ன்னு கேளுங்க. பண்ணாத இடத்துல மேல் ஸ்தாயி பெரும்பாலும் குறைவாத்தான் இருக்கும். அங்கதான் மெய்யெழுத்து இருக்கு: கடை, தடை, படை, சடை நாலும் அவருக்கு "அடை"தான். வீட்டுல கத்திப் பேசினா உயிரெழுத்துதான் பெரிசாகும், மெய் அப்படியே நிக்கும். "செவிடன் காதில் ஊதிய சங்கு"ம்பாங்க, இந்த ஆடியோகிராமுக்குச் சங்கு நல்லாவே கேட்கும்! மூணு அடி தூரத்துல, முகத்துல வெளிச்சம் விழற மாதிரி நின்னு, டிவியை நிறுத்திட்டு, நிதானமாப் பேசுங்க.

பழக்கறதுக்கு முதல் வாரம் வீட்டுக்குள்ள இரண்டு மணி நேரம், ஒருத்தரோட பேச்சு மட்டும். பிறகு கூட்டிட்டே போங்க. கல்யாண மண்டபம் கடைசியில. எத்தனை மணி நேரம் போட்டார்னு மெஷினே பதிஞ்சு வைக்கும், அடுத்த முறை ஆடியாலஜிஸ்ட் திரையில காட்டச் சொல்லுங்க.

பேட்டரி பழுப்பு ஸ்டிக்கர் 312ஆ இருந்தா, ஸ்டிக்கரை உரிச்சு இரண்டு நிமிஷம் காத்துல வைச்சுட்டுப் போடணும். உரிச்சுட்டா போடாம வைச்சாலும் தீரும். ராத்திரி பேட்டரியை எடுத்துட்டு, கதவைத் திறந்தபடி மெஷினை ஈரம் உறிஞ்சற சிலிக்கா ஜெல் டப்பாவுல வைங்க. சத்தம் திடீர்னு குறைஞ்சா முதல்ல வாக்ஸ் கார்டை (காது அழுக்கைத் தடுக்கற சின்ன வடிகட்டி) மாத்துங்க, பெரும்பாலும் அதுதான்.

ஒலிமானி:
ஒன்று விட்டுப்போனது. இரு காதுக்கும் வித்தியாசம் 5 டெசிபல்தான், அதனால் அந்தக் காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. தேவையில்லை (ஒரு காது மட்டும் அதிகமாகக் குறைந்திருந்தால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்). ஆனால் ஏதாவது ஒரு காது ஒரே நாளில் அடைத்துக்கொண்டால் "அழுக்குதான்" என்று காத்திருக்காமல் அன்றே இ.என்.டி.யிடம் போங்கள். அழுக்கு இல்லை என்று தெரிந்தால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். அவருக்குச் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.