நுவரெலியா வீட்டுக்கு வெளியே விறகு பொயிலர்: அளவும் பைப் வேலையும்

வெள்ளவத்தை_கடற்கரை கேட்டது:

வணக்கம். நான் இருப்பது கொழும்பில், வேலை நடக்கப்போவது நுவரெலியாவில். பழைய கல்வீடு, 1400 சதுர அடி, நாலு அறை, தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை சீலிங். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை இரவில் இருக்க ஏலாத குளிர். மின்சார ஹீட்டர் கட்டுப்படியாகாது.

வீட்டுக்குப் பின்னால் 22 மீற்றர் தள்ளி ஒரு கொட்டில் இருக்கிறது. வீட்டுத் தரையை விட 2 மீற்றர் பள்ளம். அதற்குள் விறகு பொயிலரை வைத்து, சுடுதண்ணியை நிலத்துக்குக் கீழால் கொண்டுவந்து அறைகளைச் சூடாக்கவும் குளிக்கவும் எடுக்கலாம் என்று யோசனை.

கிடைத்த கொட்டேஷன் இதுதான்: அமெரிக்கத் தயாரிப்பு, 50 கிலோவாட், 600 லீற்றர் தண்ணி, மேலே திறந்த வென்ட் (ஆவி போகிற குழாய்). பைப் 1 அங்குல ஜிஐ (நாகம் பூசிய இரும்பு), சுற்றிக் கறுப்பு ஸ்பொஞ்ச் உறை. பம்ப் வீட்டுக்குள். 50 கிலோவாட் சரியான அளவா? ஜிஐ போடலாமா? வீடு மேட்டில் இருப்பதால் சிக்கல் வருமா? கரண்ட் போனால் என்ன நடக்கும்? சாமான்களில் எதைக் கொழும்பில் எடுக்கலாம்?

வெப்பக்கணக்கு பதில்:

50 கிலோவாட் உங்கள் வீட்டுக்கு மிகப் பெரிது. அந்தப் பொயிலர்கள் வெளியே மைனஸ் 20 பாகை போகிற ஊர்களுக்குச் செய்தவை. நுவரெலியாவில் கடுங்குளிர் இரவென்றால் 5 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 19 வேண்டும் என்றால் வித்தியாசம் 14 தான். சுவர், சீலிங், கதவு யன்னல் இடுக்கு எல்லாம் சேர்த்து பாகைக்கு 550 வாட் போகிறது என்று எடுத்தால் உச்சத் தேவை 7.7 கிலோவாட். அதிலும் பாதிக்கு மேல் சீலிங் வழியாகத்தான் போகிறது. பொயிலருக்குக் காசு கட்ட முதல் சீலிங் பலகைக்கு மேலே 50 மில்லிமீற்றர் கிளாஸ் வூல் விரித்தால் கிட்டத்தட்ட 3 கிலோவாட் குறையும். இந்த வேலையில் இதைவிட மலிவான கிலோவாட் கிடையாது.

அளவு கூடினால் விறகு மட்டும் வீணாவதில்லை. தண்ணி 80 பாகைக்கு வந்ததும் பொயிலர் தன் காற்று வாயை மூடிக்கொள்ளும். உள்ளே விறகு எரியாமல் கருகிக் கிடக்கும். அந்த நேரத்தில் வருவதுதான் அந்த மஞ்சள் புகையும், உட்சுவரில் படிகிற தாரும். 8 கிலோவாட் தேவைக்கு 50 கிலோவாட் பொயிலர் வைத்தால் நாளின் பெரும்பகுதி அது மூடித்தான் கிடக்கும்.

என் ஆலோசனை: 20 கிலோவாட் பொயிலர் ஒன்று, பக்கத்தில் 1000 லீற்றர் உறையிட்ட இரும்புத் தாங்கி ஒன்று. தாங்கி 40 பாகையிலிருந்து 80க்கு ஏறினால் 46 கிலோவாட் மணி வெப்பம் அதில் நிற்கும். சராசரித் தேவை 5 கிலோவாட் என்று, பின்னேரம் 6 முதல் காலை 6 வரை 60. குளிக்க 300 லீற்றரை 16 பாகையிலிருந்து 50க்குக் கொண்டுவர இன்னொரு 12. மொத்தம் 72. பின்னேரம் 5 மணி போல மூட்டி, 6 மணிக்குப் பொயிலர் முழுச் சூட்டுக்கு வந்தபின் மூன்றரை, நாலு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் அவ்வளவும் வந்துவிடும். எரியும்போதே வீடும் குளியலும் 32 எடுக்கும், மிச்சம் 40 தாங்கியில் இருந்து விடியும்வரை போதும். காய்ந்த விறகு கிலோவுக்கு 4 கிலோவாட் மணி, பொயிலர் திறன் 60 வீதம் என்றால் ஓரிரவுக்கு 30 கிலோ. கொட்டேஷன் கேட்கும்போது ஈஎன் 303-5 தரம் (விறகு போன்ற திண்ம எரிபொருள் பொயிலர்களுக்கான ஐரோப்பியத் தரம்), வகுப்பு 5 என்று கேளுங்கள்.

இனி மேட்டுப் பிரச்சினை. இது உண்மையான பிரச்சினைதான். திறந்த பொயிலரின் தண்ணி மட்டம் கொட்டில் தரையிலிருந்து 2 மீற்றர் போல இருக்கும், அதாவது உங்கள் வீட்டுத் தரை மட்டம். வீட்டுக்குள் ரேடியேட்டர் அதற்கு மேலே நிற்கும். பம்ப் நின்றதும் மேலிருக்கிற தண்ணி கீழே இழுபட்டு, காற்று உள்ளே வரும். "சீலிங்குக்கு மேல் ஒரு சின்னத் தாங்கி வைத்தால் சரி" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 5 மீற்றர் உயரத் தண்ணி அரை பார் அழுத்தம் கொடுக்கும். திறந்த பொயிலரின் உறை தட்டையான தகடு. ஒரு சதுர மீற்றர் தட்டில் அரை பார் என்றால் 5 தொன் பாரம். தகடு புடைக்கும், வெல்டிங் விடும்.

சரியான வழி, கொட்டிலுக்குள்ளேயே ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது இரண்டு தண்ணியும் கலக்காமல் தகடு வழியாகச் சூட்டை மட்டும் மாற்றுகிற கருவி. பொயிலரும் தாங்கியும் திறந்த சுற்று; எக்ஸ்சேஞ்சருக்கு அப்பால் வீட்டுப் பக்கம் 1.5 பாரில் மூடிய சுற்று. எக்ஸ்சேஞ்சரை 20 கிலோவாட்டுக்கு, இரண்டு பக்கத்துக்கும் 5 பாகைக்கு மேல் வித்தியாசம் வராத அளவில் கேட்டு வாங்குங்கள். வீட்டுச் சுற்றில் 80 லீற்றர் போல இருக்கும். 20லிருந்து 80 பாகைக்குத் தண்ணி 2.7 வீதம் விரியும், அதாவது 2 லீற்றருக்குச் சற்று மேல். விரிகிற தண்ணிக்கு இடம் கொடுக்கிற 12 லீற்றர் எக்ஸ்பான்ஷன் வெசல், அதற்குள் 1 பார் காற்று, 3 பார் சேஃப்டி வால்வு போதும். வெசலைப் பம்புக்கு முன்னால், தண்ணி உள்ளே போகிற பக்கம் பூட்டுங்கள். திறந்த பக்கத்தில் தாங்கியின் உச்சி பொயிலரின் தண்ணி மட்டத்துக்கு மேலே போகக்கூடாது.

இன்னொன்று. 1868 மீற்றர் உயரத்தில் தண்ணி 100 பாகையில் அல்ல, 94 பாகையிலேயே கொதிக்கும். பொயிலரை 80க்கு மேல் வைக்க வேண்டாம். திறந்த பக்கப் பம்பை பொயிலரின் ரிட்டேர்ன் பைப்பில், தரையோடு, பம்புக்கு மேல் 1 மீற்றருக்குக் குறையாமல் தண்ணி நிற்கிற மாதிரி வையுங்கள். 90 பாகைத் தண்ணியை மேலே வைத்த பம்ப் இழுத்தால் அது பம்புக்குள்ளேயே ஆவியாகும். சரளைக்கல் போட்டு ஆட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டால் அதுதான்.

குவாரி_வீதி_பைப் பதில்:

தம்பி, ஜிஐ வேண்டாம். 60 பாகைக்கு மேல் நாகப் பூச்சு இரும்பைக் காப்பாற்றாது, சில தண்ணியில் எதிர்மாறாக வேலை செய்து இரும்பைத் தின்னும். வெட்டி மரை போட்ட இடத்தில் முதலில் ஓட்டை விழும். அதுவும் மண்ணுக்குக் கீழே. பீவீசீ நினைக்கவே வேண்டாம், 60 பாகையில் இளகிவிடும். பிபிஆர் (சூடாக்கி ஒட்டுகிற பிளாஸ்டிக் பைப்) சிலர் சொல்லுவினம். அலுமினியப் படலம் இல்லாத பிபிஆர் 22 மீற்றருக்கு, 50 பாகை சூடேறினால் 165 மில்லிமீற்றர் நீளும். எல்போவை உடைத்துக்கொண்டு வெளியில் வரும்.

உங்களுக்கு வேண்டியது 32 மில்லிமீற்றர் பெக்ஸ் (சூடு தாங்குகிற, வளைகிற பிளாஸ்டிக் பைப்), ஒக்சிசன் தடுப்புப் படலம் உள்ளது, ஒரே துண்டாக. மண்ணுக்குக் கீழே ஒரு ஜொயின்ட்டும் வரக்கூடாது. ஏன் 32 என்றால், குளியலும் சேர்ந்து 14 கிலோவாட் இழுக்கிற நேரம் 10 பாகை வித்தியாசத்துக்கு நிமிடத்துக்கு 20 லீற்றர் ஓட வேணும். கணக்கு லேசு: கிலோவாட்டை 0.07ஆல் வகுத்து, பிறகு பாகை வித்தியாசத்தால் வகுங்கோ. 25 மில்லிமீற்றரில் 20 லீற்றர் ஓடினால் உராய்வே பம்பைத் தின்றுவிடும். 32இல் 6 மீற்றர் ஹெட் (தள்ளுகிற உயரம்) உள்ள சாதாரண சேர்க்கியுலேஷன் பம்ப் போதும். பம்ப் வீட்டுக்குள் அல்ல, கொட்டிலில். இரண்டு பக்கமும் போல் வால்வு. இல்லாவிட்டால் பம்ப் கழற்றுகிற நாளில் முழுச் சுற்றையும் வடிக்க வேணும்.

உறை விஷயத்தில்தான் ஆக்கள் காசு மிச்சம் பிடித்துப் பிறகு அழுகிறது. கறுப்பு ஸ்பொஞ்சைச் சும்மா மண்ணில் புதைத்தால் மண் நசுக்கும், ஒட்டுகளால் தண்ணி போகும். ஈர மண் பைப்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பனி விழுந்த காலையில் பார்த்தால் புல் முழுக்க வெளுத்திருக்க, பைப் போன கோடு மட்டும் பச்சையாகத் தெரியும். பியூ ஃபோம் அடைத்த இரட்டைப் பைப் கிடைத்தால் அதை எடுங்கோ. கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பெக்ஸுக்கும் 25 மில்லிமீற்றர் உறை போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி 110 மில்லிமீற்றர் பீவீசீ பைப்புக்குள் இழுங்கோ. ஒட்டுகளுக்கு சொல்வன்ட் நல்லாப் பூசுங்கோ. 90 பாகை எல்போ வேண்டாம், நீளமான வளைவு. கான் 60 சென்ரிமீற்றர் ஆழம், அடியில் மணல், சரிவு முழுக்கக் கொட்டில் பக்கம். வீட்டுப் பக்க வாயை ரப்பர் மூடியால் அடையுங்கோ, கொட்டில் பக்க வாயைத் திறந்து விடுங்கோ, உள்ளே ஊறினது வடியட்டும். கானுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட வடிகால் பைப்பும் சல்லியும் போடுங்கோ. மலைச் சரிவில் வெட்டின கான் மழைக்கு ஓடையாக மாறும், அது வீட்டு அத்திவாரத்துக்கும் நல்லதில்லை.

வால்வு, பிராஸ் ஃபிட்டிங், பம்ப், வெசல் எல்லாம் குவாரி வீதி, பழைய சோனகத் தெருப் பக்கம் தேடலாம். வீட்டு ரேடியேட்டர் தேடி அலைய வேண்டாம். ஹோட்டல் ஏசிக்குப் பூட்டுகிற தண்ணி ஃபேன் கொயில் (தண்ணி ஓடுகிற சுருளும் விசிறியும் உள்ள பெட்டி) இருக்குதே, அதற்குச் சுடுதண்ணி விட்டாலும் வேலை செய்யும். 45 பாகைத் தண்ணியிலும் சூடு தரும், தாங்கி கடைசி மட்டும் பயன்படும். எத்தனை பாகை வரை தாங்கும் என்று பிளேட்டில் பார்த்து எடுங்கோ. படுக்கையறைக்கு ஒரு அளவு பெரிதாக வாங்கி, விசிறியைக் குறைந்த வேகத்தில் விட்டால் சத்தம் இராது.

வெள்ளவத்தை_கடற்கரை:

மிக்க நன்றி. 20 கிலோவாட்டிலும் சப்ளையரிடம் அமெரிக்கத் தயாரிப்புத்தான் இருக்கிறதாம். பைப் வாய் 1 அங்குலம், கன்ட்ரோல் பெட்டியில் 120 வோல்ட் என்று இருக்கிறது. அதை எடுக்கலாமா?

குவாரி_வீதி_பைப் பதில்:

எடுக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் கவனம். அவர்களுடைய மரை என்பிடி (அமெரிக்க அளவு), எங்களுடையது பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு). அரை அங்குலத்திலும் முக்காலிலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை, அதனால் பூட்டுப்படும், பிறகு சொட்டும். 1 அங்குலத்தில் அது பதினொன்றரை, இது 11. இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் ஏறாது. டேப் சுற்றிப் பலவந்தம் பண்ணினால் பொயிலரின் வாய் கெட்டுப்போகும். என்பிடி பிஎஸ்பி மாற்று நிப்பிளைப் பொயிலரோடு சேர்த்து அவர்களிடமே வாங்கிவிடுங்கோ.

கரண்ட் எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸ் விசிறி மோட்டர் 50இல் மெதுவாகச் சுற்றிச் சூடாகும். விசிறியையும் பம்பையும் 230க்கு இங்கேயே மாற்றுவது நல்லது.

தேயிலைமேடு பதில்:

அண்ணே, விறகும் புகையும் பத்தி யாரும் சொல்லல, அத நான் சொல்றேன். இங்க லேசா கெடைக்கிறது யூகலிப்டஸ். வெட்டின உடனே எரிச்சா நெறைய சூடு தண்ணிய ஆவியாக்கவே போயிரும். கோடாலியில கையகலத்துக்குப் பொளந்து, மேல கூரை, நாலு பக்கமும் தெறந்த ஷெட்ல ஒரு வருஷம் அடுக்கணும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழ வரணும். சின்ன ஈரமானி ஒண்ணு வாங்கி, கட்டையப் பொளந்து உள்பக்கம் குத்திப் பாருங்க. வெளிப்பக்கம் குத்தினா ஏமாத்தும். ஓரிரவுக்கு 30 கிலோன்னா மூணு மாசத்துக்கு 2.7 தொன். அதனால மொதல்ல விறகு ஷெட், அப்புறம் பொயிலர். பெயின்ட் அடிச்ச பலகை, பிளாஸ்டிக், போர்டு எதுவும் உள்ள போடாதீங்க.

சிம்னி கொட்டில் கூரைக்கு மேல நல்லா உயரணும். வீடு மேட்டுல இருக்கிறதால கொட்டில் கூரையோட நின்னா புகை நேரா உங்க ஜன்னலுக்குத்தான் வரும். சாயங்காலம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஒரு வாரம் பாருங்க. பக்கத்து வீட்டையும் பாருங்க.

பொயிலருக்குத் திரும்பி வர்ற தண்ணி 60 பாகைக்குக் கீழ இருக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணி வந்தா உட்சுவர் வேர்த்து, அந்த வேர்வையும் சாம்பலும் சேர்ந்து புளிச்சு, தகட்ட அரிக்கும். அதுக்கு 60 பாகை லோடிங் வால்வுன்னு மூணு வாய் வால்வு இருக்கு. பொயிலருக்கும் தாங்கிக்கும் நடுவுல போடுங்க. காசு பத்தலன்னு இத மட்டும் வெட்டிராதீங்க.

கரண்ட் கட் ஆனா பம்பும் விசிறியும் நிக்கும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கட் இருந்திச்சே, அத மனசுல வச்சே ப்ளான் பண்ணுங்க. தெறந்த பொயிலர்ங்கிறதால வெடிக்காது, வென்ட் வழியா ஆவி போகும். அந்த வென்ட்ட எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீங்க, அதுல வால்வும் போடாதீங்க. வாய ஆள் நிக்காத பக்கம் திருப்புங்க. தாங்கிய பொயிலருக்குக் கிட்டவே வச்சு, மேல் பைப்ப மேல்நோக்கிச் சரிவா விட்டு, பம்புக்குப் பக்கத்தால நேரா ஒரு பைப்பும் மெல்லிசான ஃப்ளாப் செக் வால்வும் (தண்ணிய ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு) வச்சா, பம்ப் இல்லாமலே சூடு தானா தாங்கிக்கு ஏறும். மிச்சத்துக்கு ஒரு இன்வேர்ட்டரும் பெட்டரியும் போதும், ரெண்டு பம்பும் சேர்ந்து 100 வாட் போல தான் இழுக்கும்.

வெப்பக்கணக்கு பதில்:

குளியல் தண்ணிக்கு ஒன்று விட்டுப்போனது. குளியல் சுடுதண்ணி நிற்கிற சிலிண்டரை 60 பாகையில் வைத்து, வெளியே போகிற இடத்தில் பச்சைத் தண்ணியை 50 பாகைக்குக் கலக்கிற மிக்சிங் வால்வு போடுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது கட்டாயம்.

தண்ணி நிரப்பும்போது மேலிருந்து ஊற்றாதீர்கள். வீட்டுச் சுற்றின் ஆகக் கீழ் வாயில் ஹோஸ் பூட்டி, ஒரு அறையின் வால்வை மட்டும் திறந்து, மறுமுனை ஹோஸை வாளித் தண்ணிக்குள் வைத்து, குமிழி நிற்கும்வரை விடுங்கள். பிறகு அதை மூடி அடுத்த அறை. நாலையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணி லேசான வழியால் ஓடும், தூரத்து அறையில் காற்று அப்படியே நிற்கும். திறந்த பக்கத்துக்கு நைட்ரைட் கலந்த பொயிலர் மருந்தை மொத்தத் தண்ணி அளவுக்குக் கணக்குப் பார்த்து ஊற்றி, மாதம் ஒருமுறை பிஎச் பாருங்கள். வென்ட்டால் தண்ணி ஆவியாகிக் குறையும், கண்ணாடிக் குழாயில் வாரம் ஒருமுறை மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்குள் வருகிற பைப்பிலும் திரும்பிப் போகிற பைப்பிலும் ஒவ்வொரு தேர்மோமீற்றர் கட்டிப் பாருங்கள். வித்தியாசம் 10 பாகைக்குக் கிட்ட இருந்தால் சரி. 20க்கு மேல் போனால் ஓட்டம் போதாது: காற்று அடைத்திருக்கும், அல்லது பம்புக்கு முன்னால் இருக்கிற வலையில் வெல்டிங் துகள் பிடித்திருக்கும். முதல் வாரத்தில் அந்த வலையை இரண்டு தரம் கழற்றிக் கழுவுங்கள்.