உதவி: சவர்டோ டிஸ்கார்ட் போட்ட வாழைப்பழ கேக் நடுவுல வேகவே இல்லை

மைதாமணி
தீபாவளிக்கு முன்னாடி ஆரம்பிச்ச சவர்டோ ஸ்டார்ட்டர் (ரொட்டியைப் பொங்க வைக்கிற புளிச்ச மாவு), நல்லாவே பொங்குது. ரொட்டியும் பரவாயில்லாம வருது. பிரச்சனை ஒவ்வொரு தடவையும் மிச்சமா எடுக்கிற மாவுலதான், அதான் டிஸ்கார்ட். 100 கிராம் ஸ்டார்ட்டர் வச்சுக்கிட்டு தினமும் 100 மைதா, 100 தண்ணி ஊத்தறேன். ஃப்ரிட்ஜ்ல இடமே இல்ல, தூக்கிப் போடவும் மனசு வரல. நேத்து வழக்கமான வாழைப்பழ கேக்ல (மைதா 200 கிராம், பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், முட்டை, எண்ணெய், சர்க்கரை) 200 கிராம் டிஸ்கார்ட் கூடுதலா சேர்த்தேன். ஓடிஜில (சின்ன மின்சார ஓவன்) 180 டிகிரி, 45 நிமிஷம். மேல வெளிறிப்போச்சு, நடுவுல கொழகொழன்னு இருக்கு, புளிப்பு வேற. ஓடிஜி கோளாறா?

அடுப்படி_கோவை
ஓடிஜி பாவம், அதை விடுங்க. நீங்க மாவும் தண்ணியும் சம எடையா ஊத்தறதால 200 கிராம் டிஸ்கார்ட்னா அதுல 100 மைதா, 100 தண்ணி. அதைக் கூடுதலா சேர்த்தா மாவு ஒன்றரை மடங்கு, ஈரமும் அதிகம், ஆனா முட்டை, சர்க்கரை, எண்ணெய், டின், நேரம் எல்லாம் பழைய அளவு. எப்படி வேகும்? 200 கிராம் டிஸ்கார்ட் போட்டா மைதாவை 100 ஆக்குங்க, பாலை 20 மில்லி ஆக்குங்க. அளவு கப் வேணாம், தராசுல வைங்க. பொங்கியிருக்கிற ஸ்டார்ட்டர் ஒரு கப்பும் அமுங்கினது ஒரு கப்பும் ஒரே எடை கிடையாது.

ரவா_லட்டு
வெளிறினதுக்கும் புளிப்புக்கும் காரணம் ஒண்ணேதான் அக்கா, அமிலம். மாவு ரொம்பப் புளிச்சிருந்தா கேக் சிவக்காது. பேக்கிங் பவுடர்ல அதுக்கு வேண்டிய அமிலம் அதுலயே இருக்கு, உங்க டிஸ்கார்டோட புளிப்பை அது பெருசா ஒண்ணும் பண்ணாது. பவுடரை 1 டீஸ்பூன் ஆக்கி, ஆப்ப சோடா அரை டீஸ்பூன் போடுங்க. புளிப்பும் குறையும், நிறமும் வரும். சோடாவைக் கடைசியில கலந்து உடனே அடுப்புல ஏத்துங்க, வச்சிருந்தா காத்து போயிடும். அரைக்கு மேல வேணாம், சோப்பு வாடை வரும்.

பன்_பட்டர்
கேக்கை விட மொறுமொறு பிஸ்கட்டுக்குத்தான் என் ஓட்டு. 200 கிராம் டிஸ்கார்ட், உருக்கின வெண்ணெய் 60 கிராம், உப்பு அரை டீஸ்பூன், கையில தேய்ச்ச ஓமம். பட்டர் பேப்பர்ல ஊத்தி, அடி தெரியற அளவுக்கு மெல்லிசா இழுத்து விடுங்க. 160 டிகிரி. 10 நிமிஷத்துல மேல காய்ஞ்சதும் வெளியே எடுத்து கத்தியால கட்டம் போட்டு திரும்ப வைங்க, இன்னும் 30-40 நிமிஷம். ஓரம் முந்திச் சிவக்கும், அந்தத் துண்டுகளை மட்டும் முதல்ல எடுத்துடுங்க. நடுத்துண்டு ஆறினப்புறமும் வளைஞ்சா வேகல, திரும்ப உள்ள போகட்டும். எவ்வளவு பழைய டிஸ்கார்டோ அவ்வளவு ருசி, சீஸ் போட்ட மாதிரி ஒரு புளிப்பு.

சென்னை_வெயில்
இடையில ஒரு கேள்வி. சப்பாத்தி மாவுல டிஸ்கார்ட் போட்டு ராத்திரி வெளியவே வச்சேன். காலையில ஒட்டுது, தேய்ச்சா கிழியுது. ஏன்?

அடுப்படி_கோவை
புளிக்கப் புளிக்க மாவோட இழுவை தளர்ந்துடும், நம்ம வெயில்ல இன்னும் சீக்கிரம். சப்பாத்திக்குப் பிசைஞ்ச ஒரு மணி நேரத்துல தேய்ச்சுடுங்க. பழைய டிஸ்கார்டா இருந்தா அரிசி மாவு ரெண்டு கரண்டி, வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் போட்டுக் கரைச்சு தோசையா ஊத்துங்க, அதுக்கு இழுவையே வேணாம்.

பழைய_தவா
எல்லாரும் ரெசிபி சொல்றீங்க, யாரும் குழாயை மூடச் சொல்லல! மைதாமணி, எதுக்கு 100 கிராம் வச்சிருக்கீங்க? 10 கிராம் வச்சு 10 மாவு, 10 தண்ணி கொடுங்க, தினமும் மிஞ்சறது 20 கிராம்தான். தினமும் சுடலைன்னா ஃப்ரிட்ஜ்ல வச்சு வாரம் ஒரு தடவை ஊட்டினாப் போதும். ரொட்டிக்கு 100 கிராம் வேணும்னா முந்தின நாள் 20 கிராம் எடுத்து 40 மாவு, 40 தண்ணி சேர்த்துக்கலாம். மேல கறுப்பா தண்ணி நின்னா ஸ்டார்ட்டருக்குப் பசி, மாவு தண்ணி கேக்குது, அவ்வளவுதான், பயப்பட வேணாம். ரோஸ், ஆரஞ்சு நிறமோ பூஞ்சணமோ தெரிஞ்சா மொத்தமும் குப்பைக்கு. சிங்க்ல ஊத்தாதீங்க, பைப்புல காய்ஞ்சு இறுகிடும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: முதல் வாரத்து மிச்சத்தைச் சமைக்காதீங்க. புளிப்பு ஏறி நிலைக்கிற வரைக்கும் அதுல வேற கிருமிகளும் வளரும்.

மைதாமணி
சொன்ன அளவுல போட்டேன், டூத்பிக் சுத்தமா வந்துச்சு, நல்ல பழுப்பு நிறம். ஆனா புளிப்பு லேசா இருக்கு. சோடாவைக் கூட்டலாமா?

ரவா_லட்டு
கூட்டாதீங்க. உங்க டிஸ்கார்ட் எத்தனை நாள் பழசு?

மைதாமணி
ரெண்டு வாரம் இருக்கும்…

ரவா_லட்டு
அதை ஓம பிஸ்கட்டுக்கு ஒதுக்குங்க. கேக்குக்கு ரெண்டு மூணு நாளுக்குள்ள எடுத்ததைப் போடுங்க.